போடு மாப்ளே

இதைப் படித்துவிட்டு யாரும் என்னைக் கூப்பிட்டு "கதை நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டாம். இது கதை இல்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று நாற்பதுக்கும் மூன்று பத்துக்கும் நடுவில் எனக்கு நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் நிம்மதியாக இருங்கள். நானும் அன்று சாப்பிடும் வரை நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நான் எலெக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு தினமும் பழகுகிறவன் என்பதால், கண்ணுக்குத் தெரியாத வேறு எதற்கும் நான் பயந்ததில்லை. கரண்டுக்கு ஒரே குணம்தான். வந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழி தேடும். செம்புக் கம்பி கிடைத்தால் அதில் போகும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று நீங்கள் கையைக் கொடுத்தால் உங்கள் வழியாகப் போகும். அதற்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும். மனிதர்களோடு எனக்கு அவ்வளவாக ஒத்துப்போகாது. வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால் வந்த வினையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை செய்பவன் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். பதினாறு வருடமாக ஒரே ஏணியில் மாறி மாறி ஏறி இறங்குகிறோம். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "மாப்ளே, ஸ்க்ரூ டிரைவர்." "மாப்ளே, டீ." எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாப்ளே.

அந்த ஞாயிறுக்குப் பதினேழு நாள் முன்னால், அவன் வீட்டு விருந்தில், புதிதாக வந்திருக்கும் அவன் மருமகன் எதிரில், நான் பேக்கரிக் கதையை எடுத்துவிட்டேன். மச்சான் ஒரு தடவை பேக்கரி ஒன்றில், புகையை வெளியே தள்ளும் பெரிய விசிறிக்கு லைன் கொடுத்தான். அது மூன்று பேஸ் மோட்டார். அதற்குப் போகும் மூன்று வயரில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இவன் மாற்றிவிட்டான். சுவிட்சைப் போட்டதும் புகை, சூடு, அரை மூட்டை மாவு எல்லாம் திரும்பி வந்து, வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் மேல் கொட்டியது. மருமகன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. வேலைக்கு வருவான், செய்வான், போவான். "ம்" கூடக் கிடையாது. என் மனைவி இரண்டு பக்கமும் தூது போய் அலுத்து, எப்படியோ நாசமாப் போங்க என்று விட்டுவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அவன் வாயிலிருந்து அந்த மாப்ளே வருமா என்று காத்திருந்தேன். இதை அவனிடம் இன்று வரை சொன்னதில்லை.

வேலை ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரி விரிப்புகளும் லாட்ஜ் துண்டுகளும் துவைக்கிற இடம். மெஷின்கள் எல்லாம் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அடித்தளத்தில். துணி காயவைக்கும் டிரையர் ஆறு. மெயின் சுவிட்சிலிருந்து அவற்றுக்குப் போகும் கேபிள் பழையது, மேலே உள்ள ரப்பர் வெடித்துப் போயிருந்தது. அதை மாற்ற வேண்டும். ஞாயிறு விடுமுறை என்பதால் கீழே யாரும் இல்லை.

சூப்பர்வைசர் அம்மா ஒருவர் கதவைத் திறந்துவிட்டு எங்களோடு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்றுவிட்டார். அங்கிருந்தே கையை நீட்டி, இந்தப் பக்கம் சுவிட்ச் ரூம், அந்தத் தாழ்வாரத்தில் போய்த் திரும்பினால் டிரையர் ஹால் என்று காட்டினார். நான் மேலேயே இருக்கிறேன், எதுவாக இருந்தாலும் நீங்கள் ஏறி வந்து சொல்லுங்கள், நான் இறங்க மாட்டேன் என்றார். முட்டி வலியா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மணி ஒன்று நாற்பது. மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். அடித்தளம் முழுக்க இருட்டு. படிக்கட்டு விளக்கு மட்டும் வேறு லைன், அது எரிந்தது. அந்த வெளிச்சம் சுவிட்ச் ரூம் வரை வந்தது, எனக்கு அது போதும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது. மீட்டரே செத்திருக்கலாம். அதனால் முதலில் படிக்கட்டு லைனில் வைத்துப் பார்த்தேன், காட்டியது. பிறகு மெயினிலிருந்து வெளியே போகும் மூன்று பேஸிலும் வைத்தேன், பூஜ்யம். மறுபடி படிக்கட்டு லைன், காட்டியது. இப்போதுதான் அது உண்மையான பூஜ்யம்.

அடுத்தது பூட்டு. கைப்பிடி மேலே ஏறாமல் இருக்க, அதில் ஆறு துளை உள்ள இரும்பு வளையம் ஒன்றை மாட்டுவோம். உள்ளே வேலை செய்பவர் எத்தனை பேரோ அத்தனை பூட்டு அதில் தொங்க வேண்டும். அவரவர் சாவி அவரவர் பையில். வேலை முடிந்ததும் அவரவரே வந்து, தன் கையால் தன் பூட்டைக் கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் கைப்பிடி நகரும். யார் எங்கிருந்து கத்தினாலும் நகராது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் மச்சானும் பதினாறு வருடமாக ஒரே பூட்டுதான் போட்டோம். என்னுடையது. குடும்பத்துக்குள் எதற்கு இரண்டு பூட்டு என்று ஒரு பெருமை.

அன்று நான் என் பூட்டை மாட்டியதும், மச்சான் குனிந்து தன் பையிலிருந்து புத்தம் புதுப் பூட்டு ஒன்றை எடுத்தான். இரண்டாவது துளையில் மாட்டினான். க்ளிக். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

"என் மேல அவ்வளவு நம்பிக்கை வந்துடுச்சா?" என்றேன்.

அவன் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, வேண்டிய சாமான்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தான். பையைச் சுவிட்ச் ரூமிலேயே விட்டுவிட்டான். வெளிச்சம் மூலையில் திரும்பியது. இருட்டு.

கேபிளின் அந்த முனை அவனுக்கு, இந்த முனை எனக்கு. நடுவில் நாற்பது அடி தூரம். அவனை நான் பார்க்க முடியாது.

மணி இரண்டு பத்து. மீட்டரை வெளியே போகும் லைனில் மாட்டியே வைத்திருந்தேன், அது என் பழக்கம். பூஜ்யத்தில் இருந்தது இப்போது நான்கு வோல்ட் காட்டியது. நான் கவலைப்படவில்லை. பக்கத்தில் வேறு லைன் ஓடினால் செத்த வயரிலும் மீட்டர் ஏதோ கொஞ்சம் காட்டும். அதற்கு எங்கள் தொழிலில் பேய் வோல்டேஜ் என்றே பெயர். சிரித்துக்கொண்டேன்.

இரண்டு பதினெட்டு. ஒன்பது.

இரண்டு இருபத்தைந்து. பதினாறு.

படிக்கட்டு லைனைத் தவிர அந்த அடித்தளத்தில் வேறு லைன் ஓடவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மெயின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ம்ம்ம்... ம்ம்ம்... வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போல.

புறங்கையால் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். சந்தேகம் வந்தால் நாங்கள் உள்ளங்கையை வைக்க மாட்டோம். கரண்ட் பிடித்தால் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. புறங்கை என்றால் உதறிவிடலாம்.

ஷாக் இல்லை. ஆனால் கைப்பிடி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி சூடு.

இரண்டு முப்பத்தொன்று. ஹால் பக்கம் கர்ர்ர்ர்... என்று ஒரு டிரையர் உருளை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மச்சான் கையால் தள்ளியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு முப்பத்தெட்டு. என் முனையில் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்தேன். மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம். முனகலும் நின்றிருந்தது. என் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போதுதான் கூப்பிட்டான்.

"போடு மாப்ளே."

தாழ்வாரத்திலிருந்து. மச்சான் குரல். அதே இழுவை, கடைசியில் லேசாக மேலே போகும் அந்த ஏ.

எனக்கு என்ன ஆயிற்று என்று எப்படிச் சொல்வது... பதினேழு நாள். மனசு அப்படியே இளகிவிட்டது. வேறு எதுவும் தோன்றவில்லை. முகம் பார்க்காமல் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். "இதோ மச்சான்" என்று சொல்லிக்கொண்டே என் பூட்டைத் திறந்து கழற்றினேன். கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினேன்.

நகரவில்லை.

மறுபடி தள்ளினேன். ணங் என்று இடித்தது. அவன் பூட்டு. அது தொங்குவதையே மறந்துவிட்டேன்.

"உன் பூட்டு இருக்கு மச்சான். சாவியோட வா" என்று கத்தினேன்.

பிறகு...

"பையில இன்னொண்ணு இருக்கு மாப்ளே. சைடு ஜிப்புல."

குனிந்தேன். ஜிப்பைத் திறந்தேன். கறுப்பு டேப் சுற்றிய சின்னச் சாவி. புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி வரும்தானே. எடுத்தேன். பூட்டில் நுழைத்தேன். பாதி திருப்பினேன்.

டர்ர்க்... டக்.

கை நின்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கேபிள் முனையில் லக் என்கிற செம்புக் குழலை மாட்டி நசுக்கி இறுக்கும் கருவி. டர்ர்க், டக். ஹாலிலிருந்து வந்தது. மச்சான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான். மூடாத செம்பு அவன் கையில் இருக்கிறது. வேலை முடியாதவன் எதற்குப் போடச் சொல்கிறான்?

"போடு மாப்ளே."

டர்ர்க்... டக்.

இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன. கருவி ஹாலில். குரல் தாழ்வாரத்தில் இல்லை.

என் தோளுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை. சாவியைப் பின்னோக்கித் திருப்பினேன். உருவினேன். கைக்குள் இறுக்கிக்கொண்டேன். பூட்டு பூட்டித்தான் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். இருந்தது.

நடந்தேன்.

சுவரைத் தடவிக்கொண்டே போனேன்.

"எங்க போற மாப்ளே?"

காதருகில்.

மூச்சு படவில்லை. குரல் மட்டும்.

பத்தடி.

இருபது.

திரும்பினேன்.

வெளிச்சம்.

மச்சான் எனக்கு முதுகைக் காட்டி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ குழாய் ஒழுகி அவன் முட்டிக்குக் கீழே தரை முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். இரண்டு கையாலும் செம்பு முனைகளைப் பிடித்திருந்தான். ஒரு முனை வலது கையில், ஒன்று இடது கையில்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். அந்தக் கைப்பிடி ஏறியிருந்தால் கரண்ட் ஒரு கையில் நுழைந்து, நெஞ்சு வழியாக அடுத்த கைக்கும் ஈரத்தரைக்கும் போயிருக்கும். அவன் நினைத்தாலும் விரல்கள் பிடியை விட்டிருக்காது. நான் அங்கே நின்று, அவன் கூப்பிட்டான், போட்டேன் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"நீ... கூப்பிட்டியா மச்சான்?"

அவன் திரும்பவில்லை. "உன்கிட்டப் பேச எனக்கு என்ன இருக்கு?" என்றான்.

பதினேழு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று அவன் திரும்பியபோது என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

"இது எப்படி உனக்குக் கிடைச்சுது?"

"நீதான் சொன்னே. சைடு ஜிப்புலன்னு."

அவன் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். அந்தப் பூட்டை முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கியிருக்கிறான். இரண்டாவது சாவிக்கு டேப் சுற்றி ஜிப்பில் போட்டது ராத்திரி, வீட்டில், தனியாக. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ஏறினோம். தாழ்வாரத்தைத் தாண்டும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம், ஐம்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள். மேலே வெயிலில் வந்து நின்றபோது மணி மூன்று பத்து.

சூப்பர்வைசர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்துக்கு முன் அதே கேபிளில் அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலை பார்த்தார்களாம். தம்பி ஹாலில், அண்ணன் மெயினில். பூட்டு ஏதும் இல்லை. அண்ணன் போட்டுவிட்டான். தம்பி போய்விட்டான். அவன்தான் போடச் சொன்னான் என்று அண்ணன் எல்லோரிடமும் கதறியிருக்கிறான். ஒருவர்கூட நம்பவில்லை. கவனக்குறைவால் கொன்றதாக வழக்காகி இரண்டு வருடம் உள்ளே இருந்தானாம். ஏன் யாரும் நம்பவில்லை என்று கேட்டேன். அந்த அம்மா மூன்று வருடம் முன்னால்தான் வேலைக்குச் சேர்ந்தவர். தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அந்த அறையைவிட அந்த மனிதரை நினைத்துத்தான் அதிகம். உண்மையைச் சொல்லிவிட்டு ஆறு வருடமாகப் பொய்யனாக வாழ்கிறார் ஒருவர். அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மச்சானும் கிளம்பிவிட்டான். பதினேழு நாள் பாக்கியையும் சேர்த்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். நான் ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம் ஆறு இருபது. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. உள்ளே இருட்டு. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடட்டுமா என்றேன். வேண்டாம், மகள் வேலை முடிந்து வந்து போடுவாள் என்றார். இந்த ஆறு வருடத்தில் அவர் ஒரு சுவிட்சையும் தொட்டதில்லை.

இருட்டிலேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் குரலை நானும் கேட்டேன், நீங்கள் பொய் சொல்லவில்லை என்றேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"உங்களை என்னன்னு கூப்பிட்டுச்சு?"

"மாப்ளேன்னு."

"இவரு எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவாரா?"

"எப்பவும். ஆனா அப்போ பதினேழு நாளா கூப்பிடலை."

அவர் மெல்லத் தலையாட்டினார். ஊரில் யாரும் ஏன் தன்னை நம்பவில்லை என்று அதன் பிறகுதான் சொன்னார்.

"என் தம்பிக்குப் பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராதுங்க."

மச்சான் என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. பேச்சே வராத தம்பி கூப்பிட்டான் என்று எப்படி நம்பினீர்கள், எப்படிப் போட்டீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா என்னை 'அண்ணே'ன்னு கூப்பிட்டான். 'போடுண்ணே'ன்னான்" என்றார் அவர். "யோசிக்கவே தோணலைங்க. சந்தோஷத்துல கை தானாப் போயிடுச்சு."